அம்மன் திட்டுப் பூ

தென்காசிப் பக்கத்து ஆட்களிடம் பூவைப் பற்றிப் பேச்செடுத்தால் பிச்சி, முல்லை, தாழம்பூ என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். திட்டுப்பூ தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசிக்கு வருகிற வழியில், எங்கள் ஊரை ஒட்டி இரண்டாகப் பிரிந்து ஒரு பாறைத் திட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஒன்றாகச் சேரும். நாலு வண்டியை அவிழ்த்துப் போட்டால் இடம் நிறைந்துவிடும், அவ்வளவு சின்னத் திட்டு. அந்தப் பாறையின் வெடிப்புகளில் மட்டும்தான் அந்தப் பூ பூத்தது. கரையில் பூக்காது, பக்கத்துப் பாறையில் பூக்காது, மேலே மலையிலும் கிடையாது.

உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன ஊர் உலகமெல்லாம் சுற்றியவளா என்று கேட்பீர்கள். நான் சுற்றவில்லை. என் அப்பா ஆளைப் பிடித்துப் பிடித்து விசாரித்தார். மலையில் தேனெடுக்கப் போகிறவர்களிடம் செடியைக் காட்டிக் கேட்டார். செங்கோட்டைக்கு மேற்கே மலையாளத்துக்குப் போய்வருகிற வண்டிக்காரர்களிடம் கேட்டார். பாளையங்கோட்டைக் காலேஜில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற ஒருவர் சாரலுக்குக் குளிக்க வந்திருந்தார். அவரைக் கையோடு கூட்டிவந்து காட்டினார். அவரும் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, நான் வேறெங்கும் கண்டதில்லை என்று சொல்லி, ஒரு செடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். வீட்டுத் தோட்டத்தில் நட்டுப் பார்த்தோம். தண்ணீர் ஊற்ற ஊற்ற அழுகிப்போயிற்று.

ஒரு சாண்கூட உயராத செடி. ஆனியில் சாரல் விழுந்ததும் பாறை வெடிப்பில் பச்சையாகத் தலைகாட்டும். ஆடியில் பூக்கும். ஆவணி கடைசியில் விதை சிந்திக் காய்ந்துபோகும். பூ என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நீலம் என்றும் சொல்ல முடியாது, ரோஸ் என்றும் சொல்ல முடியாது, நடுவில் மட்டும் துளி மஞ்சள். வாசனையும் கிடையாது. சந்தையில் கொண்டுபோய் வைத்தால் ஒரு ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. அந்தப் பூவை வைத்துத்தான் எங்கள் அப்பா ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்தார்.

ஆற்றங்கரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் இருந்தது. சின்னக் கோயில்தான். இடுப்பில் கைப்பிள்ளையோடு நிற்கிற அம்மன். ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை கொடை நடக்கும். கொடை என்றால் எங்கள் பக்கத்தில் ஊரே கூடி அம்மனுக்கு எடுக்கிற விழா. மேளம், வில்லுப்பாட்டு, பொங்கல் எல்லாம் உண்டு. அம்மன் இறங்கி ஆடுகிறவருக்குக் கோமரத்தாடி என்று பெயர். முன்னொரு காலத்தில் பெருவெள்ளத்தில் அம்மன் சிலை மிதந்துவந்து அந்தத் திட்டில் ஒதுங்கியதாம். எங்கள் வம்சத்துக்காரர் ஒருவர் நீந்திப்போய்ப் பார்த்தால், சிலையைச் சுற்றி இந்தப் பூ பூத்துக் கிடந்ததாம். கல் எப்படி மிதக்கும் என்று நான் சின்ன வயதில் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். எப்படியோ, அன்றிலிருந்து அந்தத் திட்டு அம்மன் தோட்டமாகிவிட்டது. மதியக் கொடைக்கு அம்மனுக்குத் திட்டுப்பூ சாத்த வேண்டும். பூக் கொண்டுவருவது எங்கள் வீட்டு உரிமை. பூக் கொண்டுவந்தவர் தலையில்தான் முதல் பரிவட்டம். பூ இல்லாத வருஷம் உரிமையும் இல்லை, அது அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். ஊர்க்கட்டு அது.

பரிவட்டம் என்ன பெரிய கிரீடமா? அம்மன் மேல் கிடந்த பட்டுத்துணியை எடுத்துப் பூசாரி தலையில் சுற்றிக் கட்டுவார், மேளம் ஒரு சுற்று கொட்டும். இதற்கா இத்தனை பாடு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் எல்லோரும் பெண்கள். கொள்ளி வைக்க ஆள் இல்லாத வீடு என்று காதுபடவே பேசுவார்கள். வருஷமெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டுக் குனிந்த தலை, அந்த ஒரு மத்தியானம் பட்டுத்துணியோடு நிமிரும். ஊர்ப் பெரியவர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். அப்பாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். எனக்கே பெருமையில் மூச்சு முட்டும்.

அடுத்த பங்காளி யாரென்றால், அப்பாவின் சித்தப்பா மகன். எனக்குச் சித்தப்பா முறை. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எங்கள் கல்யாணங்களுக்கெல்லாம் ஓடியாடி வேலை பார்த்தவர். ஆனால் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டும்போது அந்தத் துணியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் மாலையைப் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படியாகக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, மாலை அம்மனுக்கா, இல்ல அம்மன் இடுப்புல இருக்க கைப்பிள்ளைக்கா?"

ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்துவைத்தார். ஆனால் அந்தச் சொல் அவரைத் தைத்துவிட்டது. அதுவரை கழுத்தைச் சுற்றி ஒரு சரம்தான் வழக்கம். பூக்கிற பூவில் கொஞ்சம் பறித்தால் போதும், மிச்சம் அது பாட்டுக்குக் காய்த்து விதை போடும். மறுவருஷம் மாலை அம்மன் நெஞ்சுவரை வந்தது. அதற்கடுத்த வருஷம் பாதம் தொட்டது. சுண்டுவிரல் நகம் அளவுப் பூவில் பாதம் தொட மாலை கட்டுவதென்றால் எத்தனை பூ வேண்டும், யோசித்துப் பாருங்கள். திட்டையே வழித்தெடுத்தார் அப்பா. விரியாத மொட்டைக்கூட விடவில்லை.

மாலை கட்டுவது வீட்டுப் பெண்கள். விடியக் குளித்து ஈரச்சேலையோடு உட்கார்ந்து, மூச்சுக்காற்று பூவில் படக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, வாழைநாரில் தொடுப்போம். எங்கள் அம்மா வாயை மூடியிருப்பது வருஷத்தில் அந்த ஒரு காலைதான். அப்பா வேண்டுமென்றே அவள் முன்னால் வந்து நின்றுகொண்டு, "கொட வாரத்துக்கு ஒண்ணு வந்தா என்னட்டி, வீடு எவ்ளோ அமைதியா இருக்கு" என்பார். அம்மா கண்ணாலேயே அவரை எரிப்பாள்.

பூ குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் திட்டு முழுக்கப் பறித்தும் மாலை அம்மன் நெஞ்சைத் தாண்டவில்லை. சித்தப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாலையை ஒரு பார்வை பார்த்தார், அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பேசியிருந்தாலாவது தேவலை. அப்பாவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. இப்படியே போனால் இன்னும் ஓரிரு வருஷத்தில் பூவும் போய்விடும், பரிவட்டமும் போய்விடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

தை மாசம் என்னை இலத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் கேட்ட முதல் கேள்வியே, "பரிவட்டம் கெட்டுத வீடுதான?" என்பதுதான். சித்திரை விசுவுக்கு நான் பிறந்த வீட்டுக்கு வந்தபோது, ஆற்றில் ஒரே அமர்க்களம். தண்ணீர் வற்றி மணல் தெரிகிற மாசம். ஆட்கள் கூடை கூடையாகத் திட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். குளத்து வண்டல் ஒரு பக்கம், ஆட்டுக்கிடை எரு ஒரு பக்கம். திட்டைச் சுற்றி வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி கல்லும் களிமண்ணுமாக இடுப்பளவுக்கு வரப்பு எழும்பியிருந்தது. அப்பா முழங்கால்வரை சேற்றோடு நடுவில் நின்று ஏவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"மண்ணு செத்துப்போச்சுட்டி! தலமொற தலமொறயா எடுத்துக்கிட்டே இருக்கமே, என்னைக்காவது ஒரு கூட எரு போட்டுருக்கமா? எங்கனயிருந்து பூக்கும்? இந்த ஆடிக்குப் பாரு, அம்மன் மூழ்கிப் போவா பூவுல."

எங்களைப் போல உழுது பிழைக்கிற சம்சாரிகளுக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான். நெல் வெளுத்தால் எரு, வாழை வாடினால் எரு, தென்னை காய்க்காவிட்டால் எரு. பாறைமேல் மண்ணே இல்லாமல் பூக்கிற செடிக்கு மண் எப்படிச் சாகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எரு சுமந்த வண்டி சித்தப்பாவுடையது. அவரே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "அண்ணாச்சி கை பட்டா கல்லும் காய்க்கும்லா" என்று வாயாரச் சொன்னார். அன்றைக்கு வேலை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது வழக்கம். நானும் வந்து சேர்ந்தேன். ஆடி முதல் தேதியிலிருந்து கொடைக் காலைவரை யாரும் திட்டில் கால் வைக்கக்கூடாது என்பது இன்னொரு கட்டு. அம்மன் உலாவுகிற காலமாம். அதனால் கரையிலிருந்துதான் பார்த்தோம். திட்டு பச்சைப்பசேல் என்று மினுங்கியது. அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "பாத்தியளா, பாத்தியளா" என்று பூரித்துப் போனார். அந்த வருஷம் பார்த்துச் சாரல் ஏமாற்றிவிட்டது. குற்றாலத்தில் பேரருவியே நூலாக விழுகிறது என்று குளிக்க வந்தவர்கள் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். மற்ற வருஷமென்றால் மரத்தில் வடம் கட்டி, ஆட்கள் பிடித்துக்கொள்ள, அப்பா வெள்ளத்தில் இறங்கித் திட்டுக்குப் போவார். அந்த வருஷம் முழங்கால் தண்ணீர்தான்.

கொடைக் காலையில் அப்பா என்னைப் பார்த்து, "ஏட்டி, நீயும் வாரியா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழையிலை விரித்த பெரிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாவாடைக் காலம் திரும்பிவந்த மாதிரி, அவர் பின்னால் தண்ணீரில் இறங்கினேன்.

வரப்பைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் அப்பா நின்றுவிட்டார். இடுப்பளவுக்குப் புல். கோரை, குப்பைமேனி, நெருஞ்சி என்று ஆடு எந்தெந்தக் காட்டில் மேய்ந்ததோ அந்தக் காட்டு விதையெல்லாம் எருவோடு வந்து அங்கே செழித்துக் கிடந்தது. கரையிலிருந்து நாங்கள் பார்த்துப் பூரித்த பச்சை அதுதான். அப்பா புல்லைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி குனிந்து தேடினார். ஒரு பூ இல்லை. ஒரு செடிகூட இல்லை.

நான் வரப்புக்கு வெளியே வந்து திட்டின் கீழ்ப்புறம் போய்ப் பார்த்தேன். அங்கே வரப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் பாறை மொட்டையாகக் கிடந்தது. எருக்கூடை அதுவரை எட்டவில்லை. அதன் வெடிப்பில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில், வரிசையாகப் பூத்து நின்றது.

"அப்பா! இங்கன வாங்க! இங்கன இருக்கு!"

ஓடிவந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்தாலும் என் ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பூ பூதானே? எனக்கு உயிர் வந்தது. கூடையை அவர் முன்னால் நீட்டினேன்.

"பறிங்கப்பா. கழுத்துக்குக் காணாட்டாலும் அம்மன் கையில சுத்திரலாம். பூ வந்துட்டுன்னு ஆயிரும்லா."

அப்பா ஒரு செடியை விரலிடுக்கில் பிடித்தார். பறிக்கவில்லை. தலையைத் திருப்பி வரப்பைப் பார்த்தார். பிறகு மறுபடியும் செடியைப் பார்த்தார்.

"எருவப் போட்டுக் கொன்னுட்டேன்லா" என்றார்.

"அத அப்புறம் பேசிக்கிடலாம். மொதல்ல பறிங்க."

"இதயும் பறிச்சிட்டா?"

"மொட்டு விடும்லா."

"எங்க விடும்? சாரலும் இல்ல, தண்ணியும் இல்ல. இருக்கது பூராம் பூத்துட்டு. இது காச்சு வெத விழுந்தாத்தான் உண்டு." செடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வெதநெல்லக் குத்திச் சோறாக்குவாவளாட்டி?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இப்போது எழுதும்போதும் வருகிறது. அழகான பேச்செல்லாம் பேசுவதற்கு அதுவா நேரம்?

"பரிவட்டம் போயிரும்ப்பா."

"போவும்."

"சித்தப்பா தலையில கெட்டுவாவ."

"கெட்டட்டும்."

அப்படிச் சொன்னாரே தவிர, கண் நிறைந்துவிட்டது. நான் சட்டென்று குனிந்து நானே பறிக்கக் கையை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

வீட்டில் அம்மாவும் தங்கைகளும் குளித்து, வாயைக் கட்டிக்கொண்டு, வாழைநாரைக் கிழித்து நனைத்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெறுங்கூடையை அம்மா முன்னால் வைத்தார். அம்மா கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாய்க்கட்டை அவிழ்த்து எறிந்தாள்.

"பூ எங்க?"

அப்பா நடந்ததைச் சொன்னார். ஒன்றும் மறைக்கவில்லை.

"கோட்டி பிடிச்சிட்டா ஒங்களுக்கு? இருக்க பூவ விட்டுட்டு வந்து நிக்கியளே! நாலு பொட்டப்பிள்ளயப் பெத்து வச்சிருக்கோம். இன்னும் மூணு கரையேறணும். ஊரு நம்மள என்னன்னு மதிக்கும்?" என்று ஆரம்பித்தவள், மூச்சு விடாமல் திட்டினாள். அப்பா வெறுங்கூடையைக் கவிழ்த்துவைத்தார். குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வெறுங்கையோடு கோயிலுக்குக் கிளம்பினார். போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்று ஆள் அனுப்பியிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவருக்கு எந்தக் காலத்திலும் வரவில்லை.

மதியக் கொடை உச்சத்தில் இருந்தது. மேளம் கோயிலைப் பெயர்த்தது. கோமரத்தாடிக்கு அம்மன் இறங்கி, வேப்பிலையோடு ஆடிக்கொண்டே வந்து அப்பா முன்னால் நின்றார். சாதாரண நாளில் எங்கள் தெருவில் மாடு பிடித்துப் போகிற மனிதர், அப்பாவைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுகிறவர். அன்றைக்கு அவர் குரலே வேறு.

"என் பூ எங்கலே?"

மேளம் நின்றது.

"ஒந் தோட்டத்துல இருக்கு, தாயே. நான் பறிக்கல" என்றார் அப்பா.

கூட்டம் கலகலத்தது. பூ இல்லை என்றால் பரிதாபப்பட்டிருப்பார்கள். இருந்தும் பறிக்காமல் வந்தான் என்றதும் ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். திமிரைப் பாரு என்றார் ஒருவர். கோமரத்தாடி மட்டும் அசையாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் நெற்றியில் திருநீறைப் பூசிவிட்டு நகர்ந்து போய்விட்டார். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஊர் மன்னிக்கவில்லை. பெரியவர்கள் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். பூ இல்லையென்றால் உரிமை இல்லை, கட்டு கட்டுதான் என்று முடித்துவிட்டார்கள். பூசாரி பட்டுத்துணியோடு சித்தப்பாவிடம் போனார்.

"அண்ணாச்சி இருக்கையில எனக்கா? சேச்சே, வேண்டாம், வேண்டாம்" என்றார் சித்தப்பா. சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தார்.

நான் இலத்தூருக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. "பரிவட்டம் போயிட்டாம்லா?" என்றாள் மாமியார், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. வயிறு எரிந்தது. அப்பாமேல்தான் எரிந்தது.

புரட்டாசியில் அப்பா தனியாகப் போய் வரப்பைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தாராம். எழுப்பும்போது ஊரே வந்தது, பிடுங்கும்போது ஒருவரும் வரவில்லை. பாதி பிடுங்கியிருக்கும்போது ஐப்பசி அடைமழை வந்துவிட்டது. ஆறு பொங்கி, மிச்ச வரப்பையும், புல்லையும், எருவையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்தபோது திட்டு மறுபடியும் மொட்டைப் பாறையாகக் கிடந்தது.

அடுத்த ஆடியில் கொடைக்கு நான் கைக்குழந்தையோடு வந்தேன். அந்த வருஷச் சாரல் போன வருஷக் கடனையும் சேர்த்துத் தீர்த்தது. ஆறு இரு கரையும் முட்டி ஓடியது. கொடைக் காலையில் அப்பா என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டினார். வெள்ளத்துக்கு நடுவே, திட்டின் கீழ்ப்புறமும் மேற்புறமும் அந்த நிறம் படர்ந்திருந்தது. முன்போல முழுக்க இல்லை. ஆனால் ஒரு மாலைக்குப் போதும், நன்றாகவே காணும்.

"பாத்தியா?" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். உடனே அது சுருங்கியது. "இப்ப ஒஞ் சித்தப்பன் வந்துருவான், வடத்தத் தூக்கிக்கிட்டு. கூடுதலாப் பறிக்காத, கழுத்துக்குப் போதும்னு சொல்லணும். கேப்பானா?"

கரையிலேயே நின்றோம். வெயில் ஏறியது. வடத்தைக் காணோம், ஆளைக் காணோம். சித்தப்பாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அருவியில்கூட ஓரமாக நின்று தலையை மட்டும் நீட்டுகிறவர் அவர். கடைசியில் கோயிலில் மேளம் கொட்டிவிட்டது. குழந்தை அழ, நாங்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். அம்மா முன்னாலேயே வந்து பெண்கள் வரிசை ஓரத்தில் நின்றிருந்தாள்.

அம்மன் கழுத்தில் மாலை கிடந்தது. பாதம் தொட்டுத் தரையில் புரளுகிற மாலை. செவ்வந்தியும் அரளியுமாக, என் தொடை கனத்துக்கு இருந்தது. ஆலங்குளத்திலிருந்து மோட்டாரில் வந்ததாம். சித்தப்பா தலையில் பரிவட்டம் ஏற்கெனவே ஏறியிருந்தது. "ஆறு கொள்ளல பாத்துக்கிடுங்க. ஆளு இறங்கினா பொணமாத்தான் வரணும். பூன்னா எல்லாம் பூதான" என்று அவர் சொல்ல, போன வருஷம் கட்டு கட்டுதான் என்று முழங்கிய அதே பெரியவர்கள், ஆமாமா, ஆமாமா என்று தலையை ஆட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பா முழங்கையை இடித்தேன்.

"கேளுங்கப்பா. திட்டுப்பூ எங்கன்னு ஒரு வார்த்த கேளுங்க. பூ இல்லன்னா உரிமை இல்லல்லா? அது நமக்குத்தான திரும்பி வரணும்? கேளுங்கப்பா!"

அதற்குள் கோமரத்தாடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் நேராக அப்பா முன்னால் நின்றார். கொடையில் அம்மன் குறை கேட்பது உண்டு. அப்போது சொன்ன குறையை ஊர் தள்ள முடியாது.

"கொற உண்டாலே? இருந்தா இப்ப சொல்லு."

மேளக்காரர் கைகூட அந்தரத்தில் நின்றது. சித்தப்பா முகம் வெளிறிப்போய், கை தன்னால் தலைத்துணிக்குப் போயிற்று. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அந்தப் பட்டுத்துணியையே பார்த்தார். அவருக்கு அதன்மேல் ஆசை விட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் நின்று அந்தக் கண்ணைப் பார்த்தவள் நான்.

"ஒரு கொறயும் இல்ல, தாயே" என்றார்.

கோமரத்தாடி திருநீறை அள்ளிப் பூசிவிட்டுப் போனார். மேளம் மறுபடியும் இடித்தது. அம்மா அப்பாவின் காதருகே வந்து, "அம்மன்கிட்டயே பொய் சொல்லிட்டியளே" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது.

"சொன்னா பரிவட்டம் திரும்பி வந்துரும்" என்றார் அப்பா. "வந்தா வருசா வருசம் பூவும் வேணும்பாவ. இப்ப மோட்டார்ல வார பூவே போதும்னு ஆயிட்டுல்லா. இனி அத ஒருத்தனும் தேட மாட்டான்."

இதைச் சொல்லி முடித்தவர், ஊர் நடுவில், அத்தனை பேர் பார்க்க, வெறுந்தலையோடு நின்று வாய்விட்டு அழுதார். பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருத்தி, அவருக்கும் அருள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள்.